முடிக்கனக் கணக்கு: முன்சக்கர டிஸ்க்கும் பேரிங்கும்

மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் எல்லாமே முரட்டு இரும்பாகத் தெரியும். துருப்பிடித்த ஹப், கோடு விழுந்த டிஸ்க், கருத்துப்போன கிரீஸ். சுத்தியலும் பெரிய ஸ்பேனரும் போதும் என்று தோன்றும். கழற்றுவதற்கு அவை போதும். திரும்பப் பூட்டுவதற்கு வேறு மனம் வேண்டும். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு அசையலாம், பேரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்ற கணக்குகள் எல்லாம் அந்த முடிக்கனத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. புது டிஸ்க் போட்ட நான்கே மாதத்தில் மறுபடி ஸ்டீயரிங் உதறுகிறது என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் சாமான் மோசமாக இருப்பதில்லை. ஒரு முடிக்கனம் துருவையோ அழுக்கையோ யாரோ துடைக்காமல் விட்டிருப்பார்கள்.

பொலிரோ, சுமோ, குவாலிஸ் போன்ற பழைய சேசிஸ் வண்டிகளின் இருசக்கர இயக்க மாடல்களை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. இவற்றின் முன் ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங்குகள் இருக்கும். கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, ஆட்டம் சரிசெய்து மீண்டும் ஓட்டலாம். இந்த வகையில் பல வண்டிகளில் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்ற ஹப்பை உருவ வேண்டும். ஹப்பை உருவினால் பேரிங் கைக்கு வந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் முடிப்பதே சிக்கனம்.

புதிய மாடல் எஸ்யூவி பலவற்றில் பேரிங் ஒரே துண்டாக மூடி அடைக்கப்பட்டு வரும். அதில் கிரீஸ் வைக்கவும் முடியாது, ஆட்டம் சரிசெய்யவும் முடியாது. சத்தம் வந்தால் முழுதாக மாற்ற வேண்டும். பெரும்பாலும் பிரஸ் மெஷினும் வேண்டும். அந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள். டிஸ்க் பற்றிச் சொல்வது மட்டும் அந்த வண்டிகளுக்கும் பொருந்தும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

எண்பதில் போய் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால், பெடல் காலைத் தட்டினால், முன் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதுதான் வழக்கமான காரணம். ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கால் உணர்ந்துவிடும்.

பிரேக் மிதிக்காதபோதும் தரையடியிலிருந்து "ஊ…" என்று ஒரு முனகல் வந்து, வேகத்தோடு அது ஏறி இறங்கினால் பேரிங்கைப் பாருங்கள். காலியான சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். இடதுபக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்கில் கோளாறு. எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் மாறவில்லை என்றால் டயரைத் தடவிப் பாருங்கள். ரம்பப்பல் போலத் தேய்ந்த டயரும் இதே போல முனகும்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து முன்பின்னாக அசையுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷன் புஷ். பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் பேரிங் வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

டிஸ்க்: கடைவதா, மாற்றுவதா?

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சக் கனம் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால் எண் தெரியும். தெரியாவிட்டால் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதுங்கள். வெர்னியரால் அளக்க வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கும். வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

லேத்தில் கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே கனம் மிஞ்சுமானால் கடையலாம். எண்ணுக்கு அருகில் வந்துவிட்ட டிஸ்க்கைக் கடைவது வீண்செலவு. மெலிந்த டிஸ்க்கில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இரும்பு போதாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகளிலோ இறங்கும்போது அந்தக் குறை தெரியும். நடுவில் காற்றுத் தடம் உள்ள டிஸ்க்கானால் உள்தடுப்புகளைப் பாருங்கள். துரு அரித்து உதிர்ந்திருந்தால் கனம் இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது டிஸ்க்குக்குப் புது பேட். பழைய டிஸ்க்கின் பள்ளம் மேட்டுக்கு ஏற்ப வடிவெடுத்த பேட், புது டிஸ்க்கை முழுதாகத் தொடாது.

எடுத்துவைக்க வேண்டியவை

- ஜாக், இரண்டு ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. ஹாலோ பிளாக்கும் செங்கலும் ஸ்டாண்டு ஆகாது. எடை ஏறினால் சொல்லாமல் நொறுங்கும்.
- சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், பித்தளைப் பஞ்ச், சுத்தியல், கட்டிங் பிளேயர்.
- மைக்ரோமீட்டர், காந்த அடியுள்ள டயல் கேஜ். சொந்தமாக இல்லாவிட்டால் தெரிந்த லேத் பட்டறையில் இரவல் கேளுங்கள்.
- இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், தேவையானால் கப்போடு (வெளிவளையத்தோடு) சேர்ந்த பேரிங் செட்.
- புது ஆயில் சீல், புது ஸ்பிளிட் பின். இவை இரண்டிலும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதைப் போடக் கூடாது.
- டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஏற்ற வீல் பேரிங் கிரீஸ். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை நல்லது. சாதா லித்தியம் கிரீஸை விட அதிகச் சூடு தாங்கும். சேசிஸ் நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் இதற்கு ஆகாது.
- மண்ணெண்ணெய் அல்லது டீசல், தட்டு, பிரஷ், பிரேக் கிளீனர்.
- துவைத்த பழைய வேட்டித் துணி. பட்டறையில் கை துடைக்கும் நூல் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து ஒரு நூலிழை பேரிங்குக்குள் போனாலும் தொல்லைதான்.

கழற்றுதல்

1. சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்துங்கள். பிறகு தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

2. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம்; வாயால் ஊதவே வேண்டாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

3. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, மேல்மட்டம் வரை இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும்.

4. காலிப்பரைக் கழற்றி, கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ரப்பருக்குள் விரிசல் விழும். அது வெளியே தெரியாது. பிறகு பிராக்கெட்டையும் எடுங்கள்.

5. கிரீஸ் மூடியைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஸ்பிளிட் பின், பூட்டுத் தொப்பி, நட், வாஷர் என்று வரிசையாகக் கழற்றி அதே வரிசையில் துணிமேல் வையுங்கள். ஹப்பை ஒரு விரற்கடை முன்னே இழுத்து உள்ளே தள்ளினால் வெளிப் பேரிங் தானாக முன்னே வரும். அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே ஹப்பை உருவுங்கள். தரையில் விழுந்த பேரிங்கை மறுபடி போடாதீர்கள்.

6. ஹப்பைக் கவிழ்த்து ஆயில் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் வரும். இடது வலது, உள் வெளி எதுவும் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோனும் (ரோலர்கள் உள்ள உள்வளையம்) தன் கப்போடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்; ஜோடி மாறினால் இரண்டும் கெடும்.

பேரிங் சொல்லும் கதை

மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, காயவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். காற்றுக் குழாயை வைத்துப் பேரிங்கைச் சுழலவிட்டு ரசிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. கிரீஸ் இல்லாத ரோலர்கள் அந்த வேகத்தில் கீறிக்கொள்ளும். கூடு உடைந்தால் ரோலர் தெறிக்கும்.

ரோலரும் கப்பும் கண்ணாடி போல, அல்லது சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் கிரீஸ் வைத்து மறுபடி ஓட்டலாம். கப்பில் சிறுசிறு செதில்கள் பெயர்ந்து குழி விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. நீலமோ பழுப்போ பூத்திருந்தால் மிகையாகச் சூடேறியிருக்கிறது. நட்டை அதிகம் முறுக்கியிருப்பார்கள் அல்லது கிரீஸ் வற்றியிருக்கும். ரோலர் இடைவெளிக்கு ஏற்பச் சம தூரத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருந்தால் பெரிய குழியில் விழுந்த அடி, அல்லது பூட்டும்போது சுத்தியல் பட்ட அடி. அதே இடைவெளியில் கருந்துருக் கோடுகள் இருந்து, கிரீஸும் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் பார்த்தது போல ஹப் மூழ்கும் வெள்ளத்தில் நின்ற வண்டி எதுவானாலும், அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் ஹப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கோனை மட்டும் மாற்றிக் கப்பை விட்டுவைப்பது பொய்ச் சிக்கனம். ஹப்பின் உள்ளே கப்புக்குப் பின்னால் பஞ்ச் வைக்க இடைவெட்டு இருக்கும். இருபுறமும் மாற்றி மாற்றித் தட்டி வெளியே தள்ளுங்கள். புதுக் கப்பை முந்தின இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, ஹப்பை வெயிலில் காயவைத்தால் பாதி வேலை குறையும். பழைய கப்பை மேலே கவிழ்த்து வைத்து அதன்மீது தட்டி இறக்குங்கள். இறங்கும்வரை அடி மந்தமாகக் கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் 'ணங்' என்று ஒலி மாறும். அந்த ஒலி வரும்வரை விடாதீர்கள். அரைகுறையாக உட்கார்ந்த கப் ஓட ஓட இறங்கும். நீங்கள் வைத்த ஆட்டக் கணக்கும் அதோடு போகும்.

டிஸ்க் உட்காரும் இடம்

போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய டிஸ்க்கைப் பிரித்ததும், பலர் உடனே புது டிஸ்க்கை எடுத்து வைப்பார்கள். இங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஹப்பின் முகத்தில் ஓர் ஓரமாக 0.05 மில்லிமீட்டர் துரு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முடிக்கனம் கூட இல்லை. ஹப் முகத்தின் விட்டம் 140 மில்லிமீட்டர், டிஸ்க்கின் விட்டம் 260 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சாய்வு டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறது. பிரேக் மிதிக்காதபோதும் டிஸ்க்கின் அந்த மேடு வினாடிக்குப் பத்து முறை பேடை உரசும். உரசும் இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் கனம் சீர்கெட்டு, பழைய உதறல் திரும்பி வந்துவிடும். டிஸ்க் விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஆகவே வயர் பிரஷ்ஷும் எமரி தாளும் கொண்டு ஹப் முகத்தை உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். போல்ட் ஓட்டைகளின் ஓரத்தில் எழும்பியிருக்கும் பிசிறையும் எடுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். அதன்பின் பிரேக் பரப்பைக் கையால் தொடாதீர்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள்.

கிரீஸ் வைத்தல்

இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கின் அகன்ற பக்கம் கிரீஸில் படும்படி பிடித்து, உள்ளங்கையின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி வழியுங்கள். குறுகிய பக்கத்தில் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழுவாக நெளிந்து வெளியே வரவேண்டும். கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். முழுச் சுற்று முடியும்வரை பொறுமை வேண்டும். வெளியே பூசிவிட்டால் உள்ளே போகாது.

கப்களில் மெல்லிய பூச்சு. ஹப்பின் வயிற்றில் இரண்டு கப்புக்கும் உள்ளோரமாகக் கொஞ்சம் கரை கட்டினால் போதும். ஹப் முழுக்க அடைத்தால் நல்லது என்று நினைப்பது தவறு. சூட்டில் கிரீஸ் விரியும். இடமில்லாவிட்டால் சீலைத் தாண்டி டிஸ்க்கில் தெறிக்கும். பழைய கிரீஸின் மேலேயே புதியதை வைப்பதும் கூடாது. வெவ்வேறு அடிப்பொருள் கொண்ட கிரீஸ்கள் கலந்தால் சில சமயம் இளகி ஓடும்.

உள் பேரிங்கை வைத்து, புது ஆயில் சீலை நேராக அடித்து, அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஹப் உட்காரும் அச்சான ஸ்பிண்டிலைத் துடைத்து, அதன் மரை சீலைக் கீறாமல் ஹப்பை நேராக ஏற்றுங்கள். வெளிப் பேரிங், வாஷர், நட்.

நட்டை முறுக்கும் கலை

நெடும்பயணம் போகும் வண்டி ஒன்றுக்கு ஒரு பட்டறையில் பேரிங் மாற்றினார்கள். "லாங் போற வண்டி சார், நல்லா டைட்டாவே வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சக்கரத்திலிருந்து புகை. கழற்றியபோது கோன் நீலம் பாரித்து ஸ்பிண்டிலோடு பற்றிக்கொண்டிருந்தது. வீல் நட்டை இறுக்குகிற மனத்தோடு ஹப் நட்டை இறுக்கினால் இதுதான் நடக்கும். சூடேறும்போது ஹப்பும் பேரிங்கும் விரியும்; அதற்கும் இடம் விட்டே முறுக்க வேண்டும்.

1. ஹப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றினால்தான் ரோலர்கள் தம் இடத்தில் போய் உட்காரும். எவ்வளவு இறுக்குவது என்பது புத்தகத்தில் இருக்கும். இருபுறமும் சில சுற்றுகள் சுற்றி மறுபடி அதே டார்க்குக்குக் கொண்டுவாருங்கள்.
2. நட்டை முழுதாகத் தளர்த்துங்கள்.
3. ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் முறுக்குங்கள். சில வண்டிகளுக்கு இந்த நிலையிலேயே விடுவதும், சிலவற்றுக்கு ஸ்பிரிங் தராசால் இழுத்து இழுவிசை பார்த்து லேசாக இறுக்குவதும் முறை. உங்கள் வண்டிக்கு எது என்று புத்தகத்தில் பார்த்து அதையே செய்யுங்கள்.
4. ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் பூட்டுத் தொப்பியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். தொப்பி இல்லாத, வெட்டுள்ள நட்டானால் அடுத்த வெட்டு வரும்வரை தளர்த்துங்கள், இறுக்காதீர்கள்.

கையால் ஆட்டினால் 'டக்' என்ற ஒலி கேட்கக் கூடாது; சுற்றினால் சிக்கலும் கரகரப்பும் இருக்கக் கூடாது. பிறகு டயல் கேஜை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பல வண்டிகளுக்கு வரம்பு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஹப்பில் ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மீண்டும் அளவெடுங்கள். ஹப்பின் மேடும் டிஸ்க்கின் மேடும் ஒன்றின்மேல் ஒன்று விழாத நிலை ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மூடிக் கட்டுதல்

காலிப்பர் சறுக்கும் பின்களைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பேரிங் கிரீஸை இங்கே வைத்தால் ரப்பர் உறை உப்பிப்போகும். பின் இறுகிய காலிப்பரில் ஒரு பேட் மட்டும் தேயும். டிஸ்க் எப்போதும் சூடாகவே இருக்கும். பிஸ்டனைப் பழைய பேடை இடையில் வைத்து மெதுவாக உள்ளே தள்ளி, புது பேட்களை மாட்டுங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கன் வைத்து ஒரே பக்கமாக இறுக்கினால், அவ்வளவு பாடுபட்டு நேராக்கிய டிஸ்க்கை அதுவே கோணலாக்கிவிடும்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். பெயரில்தான் ஆயில்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் பெடல் பஞ்சாக அமுங்குவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

கவனம்: வண்டியை நகர்த்தும் முன் பெடல் கல்லாக நிற்கும்வரை பத்துப் பன்னிரண்டு முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது. இதை மறந்து சுவரில் போய் மோதியவர்கள் உண்டு.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

விடிகாலையில் ஆளில்லாத நேர்சாலை ஒன்றுக்குப் போங்கள். அறுபதிலிருந்து பத்துவரை நிதானமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல், மறுபடி வேகமெடுங்கள். இடையில் கொஞ்சம் ஆறவிட்டுப் பத்து முறை செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியும். சூடான நிலையில் பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். பேட் நின்ற இடம் அச்சாகப் பதியும். மலையிறங்கியவுடன் சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கினால் பாதி வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.

பதினைந்து கிலோமீட்டர் ஓடி, கடைசியில் பிரேக் அதிகம் பிடிக்காமல் தானாக நிற்கவிட்டு, இரண்டு ஹப் மூடிகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் நட்டு இறுக்கம் அல்லது காலிப்பர் பிடிப்பு. நூறு கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும், ஐந்நூறில் சக்கர ஆட்டத்தையும் மறுபடி பாருங்கள். புதுக் கப் என்றால் ஆட்டம் கொஞ்சம் கூடியிருக்கலாம். நட்டை அதே முறையில் மீண்டும் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். பொதுவாக 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றலாம். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு இன்னும் முன்னதாக.

கடைசியாக, வண்டியின் சர்வீஸ் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி, ஓடிய கிலோமீட்டர், இரண்டு டிஸ்க்குகளின் கனம், டயல் கேஜ் காட்டிய எண், போட்ட கிரீஸின் பெயர் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அடுத்த முறை ஹப்பைத் திறக்கும்போது இடது டிஸ்க் வலதைவிட அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின் எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்பதை நோட்டின் அந்தப் பக்கமே சொல்லிவிடும்.